மதுரைக்குக் கொழும்பு விமானம் வருகிறது. துபாய், சிங்கப்பூர் நிறுவனங்கள் ஏன் வர முடியவில்லை?

மதுரை விமான நிலையத்தைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் குழைந்து வருகின்றன: சர்வதேச அந்தஸ்து, ஓடுபாதை நீட்டிப்பு, இருதரப்பு விமான ஒப்பந்தம். எது கிடைத்தால் எது நடக்கும் என்பது செய்தியில் தெளிவாக இருப்பதில்லை. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் இத்தனை வருஷமாக வந்து போகிறதே, அப்படியென்றால் மதுரை ஏற்கெனவே சர்வதேச விமான நிலையம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. ரன்வேயை நீட்டிவிட்டால் எமிரேட்ஸ் வந்து இறங்கிவிடும் என்று நம்புபவர்களும் உண்டு.

இரண்டு கேள்விக்கும் விடை மதுரை – கொழும்பு தடத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் அபுதாபிக்கும் மதுரையிலிருந்து விமானம் இயக்கியவை எல்லாம் இந்திய நிறுவனங்கள். வெளிநாட்டுக் கொடியோடு மதுரைக்கு வழக்கமாக வந்து போவது இலங்கை விமானம் மட்டுமே. அந்த ஒன்று எப்படி உள்ளே வந்தது என்று பார்த்தால், மற்றவை ஏன் வெளியே நிற்கின்றன என்பதும் விளங்கிவிடும்.

விமானத்துக்கு முன்பே இருந்த பாதை

வான்வழியாக அளந்தால் மதுரையிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 420 கிலோமீட்டர். கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் ஏறக்குறைய 350 கிலோமீட்டர்தான். சொந்த மாநிலத்தின் தலைநகரை விட அடுத்த நாட்டின் வணிகத் தலைநகர் பக்கத்தில் இருக்கிறது. தென்மாவட்டங்களுக்கும் இலங்கைக்கும் இடையே போக்குவரத்து என்றைக்கும் ஓயாததற்கு இந்தத் தூரமே முதல் காரணம்.

1914-க்கு முன்பு சென்னையிலிருந்து புறப்பட்ட ரயில் மதுரை வழியாகத் தூத்துக்குடி போகும். அங்கிருந்து நீராவிக் கப்பலில் கொழும்பு. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் பாதை தனுஷ்கோடி பக்கம் திரும்பியது. ரயிலில் தனுஷ்கோடி, கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. போட் மெயில் என்ற பெயர் தென்மாவட்டத்துப் பெரியவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ராமேஸ்வரத்திலிருந்து கொஞ்ச காலம் ஓடிய கப்பலும் 1980-களில் இலங்கையில் போர் மூண்டதும் நின்றுபோனது.

வான்வழிக் கதையில் மதுரைக்கு வெகுகாலம் இடமே இல்லை. 1938-ல் டாடா நிறுவனத்தின் அஞ்சல் விமானம் கொழும்பு ரத்மலானை வரை நீண்டது. இலங்கையின் முதல் தேசிய நிறுவனமான ஏர் சிலோன் 1947 டிசம்பர் 10 அன்று தன் முதல் பயணத்தை ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது; விமானம் டகோட்டா என்று அழைக்கப்பட்ட டி.சி.-3. ஒரு நாட்டின் விமான நிறுவனம் தன் முதல் பயணத்துக்கே தேர்ந்தெடுத்தது தமிழ்நாட்டுத் தடத்தை. பின்னர் திருச்சிக்கும் ஏர் சிலோன் பறந்தது. அது மூடப்பட்டு 1979-ல் ஏர் லங்கா வந்தது. 1999-ல் அதன் பெயர் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் ஆனது. இந்த மாற்றங்களின் ஊடே சென்னையும் திருச்சியும்தான் தமிழ்நாட்டின் கொழும்பு வாசல்களாக இருந்தன. ராமநாதபுரத்துக்காரர் கொழும்புக்குப் பறக்க வேண்டுமென்றால், கடலுக்கு எதிர்த்திசையில் திருச்சி போய்த்தான் விமானம் ஏற வேண்டும்.

2012: மதுரைக்கு வாசல் திறந்தது

மதுரை விமான தளம் 1942-ல், இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படைக்காக உருவானது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் உள்நாட்டு விமானம் மட்டும். 2010 செப்டம்பரில் புதிய முனையம் திறக்கப்பட்டது. 2012 செப்டம்பர் 20 அன்று மதுரையின் முதல் வெளிநாட்டு விமானம் கொழும்புக்குப் புறப்பட்டது. இயக்கியது இந்திய நிறுவனமான ஸ்பைஸ்ஜெட்.

அடுத்து வந்தது மிஹின் லங்கா. இலங்கை அரசு 2007-ல் தொடங்கிய மலிவுக் கட்டண நிறுவனம் அது. தொடர்ந்து நட்டத்தில் ஓடியதால் 2016 அக்டோபரில் அது நிறுத்தப்பட்டது. அதன் தடங்கள் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸிடம் போயின. மதுரைத் தடமும் அப்படித்தான் கைமாறியது. ஸ்பைஸ்ஜெட் திறந்த தடத்தை இன்று மதுரை மக்கள் ஸ்ரீலங்கன் பெயரோடு சேர்த்தே பேசுகிறார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 2012-ல் மதுரைக்கு இருந்த தகுதி 'சுங்க விமான நிலையம்'. 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி நிதி அமைச்சகத்தின் கீழ் உள்ள வாரியம் அறிவிப்பது அது. வெளிநாட்டுப் பயணியும் சரக்கும் சட்டப்படி இறங்கலாம், சோதிக்க அதிகாரிகள் இருப்பார்கள் என்று அதற்குப் பொருள். குடியேற்றச் சோதனையை உள்துறை அமைச்சகம் பார்த்துக்கொள்ளும். 'சர்வதேச விமான நிலையம்' என்பது வேறு. அதை அறிவிப்பது விமானப் போக்குவரத்து அமைச்சகமும் மத்திய அமைச்சரவையும். மதுரையிலிருந்து முதல் வெளிநாட்டு விமானம் கிளம்பிய சில நாட்களிலேயே, 2012 அக்டோபரில், திருச்சி, கோவை, மங்களூரு, லக்னோ, வாரணாசி ஆகிய ஐந்துக்கும் அந்த அந்தஸ்து தரப்பட்டது. மதுரை அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கான கோரிக்கை பல ஆண்டுகள் தொடர்ந்தது.

அந்தஸ்து இல்லாமலே மதுரையிலிருந்து வெளிநாட்டு விமானம் பறக்க முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2013-ல் ஸ்பைஸ்ஜெட் துபாய்க்கும், 2017-ல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் சிங்கப்பூருக்கும், 2025 ஜூனில் இண்டிகோ அபுதாபிக்கும் மதுரையிலிருந்து சேவை தொடங்கின. ஆக, தடை அந்தஸ்தில் இல்லை.

ஒரு மணி நேரத் தடம் எப்படிப் பிழைக்கிறது?

மதுரை – கொழும்பு பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இவ்வளவு குட்டித் தடத்தில் பணம் பார்ப்பது கடினம். விமானத்துக்குச் செலவு அதிகம் பிடிப்பது மேலேறும்போதும் இறங்கித் தரையில் நிற்கும்போதும்தான். அப்படியிருந்தும் ஒரு வெளிநாட்டு நிறுவனம் ஆண்டுக்கணக்கில் இதை விடாமல் வைத்திருக்கிறதே, ஏன்?

நேரடிப் பயணிகள் இருக்கிறார்கள். இலங்கையிலிருந்து மீனாட்சியம்மன் கோயிலுக்கும் ராமேஸ்வரத்துக்கும் பழனிக்கும் வருபவர்கள், அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வருபவர்கள், கல்யாணத்துக்குப் பட்டும் நகையும் எடுக்க வருபவர்கள், மலையகத்திலிருந்து சொந்த பந்தங்களைப் பார்க்க வருபவர்கள். இங்கிருந்து சுற்றுலாவுக்கும் வியாபாரத்துக்கும் போகிறவர்கள். ஆனால் தடத்தின் உயிர் இவர்களிடம் மட்டும் இல்லை.

சிவகங்கைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று மெல்போர்னில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். மதுரை விமான நிலையம் இருக்கும் பெருங்குடியில், முனையத்தின் செக்-இன் மேசையில் பெட்டியை வைத்தால், அதன் கைப்பிடியில் சுற்றும் பட்டையிலேயே மெல்போர்ன் வரை எழுதியிருக்கும். இரண்டு விமானத்துக்குமான போர்டிங் பாஸ் அங்கேயே கைக்கு வரும். கட்டுநாயக்கவில் இறங்கி, இலங்கைக் குடியேற்ற வரிசைக்கே போகாமல், மாறுபயணிகளுக்கான பாதுகாப்புச் சோதனை தாண்டி அடுத்த வாயிலுக்கு நடந்தால் போதும். பெட்டியை நடுவில் தூக்கவே வேண்டியதில்லை. வயதான பெற்றோரைத் தனியாக அனுப்பும் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அனுப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சென்னை வழியாகப் போனால் உள்நாட்டு முனையத்தில் இறங்கிப் பன்னாட்டு முனையத்துக்கு மாற வேண்டும். இருவேறு டிக்கெட் என்றால் பெட்டியையும் எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் சட்ட அடிப்படை 1944-ன் சிகாகோ மாநாட்டிலிருந்து வளர்ந்த 'வான் சுதந்திரங்கள்'. மதுரைக்குத் தேவையானவை மூன்று:

1. மூன்றாம் சுதந்திரம்: ஒரு நிறுவனம் தன் நாட்டிலிருந்து பயணிகளை ஏற்றி வேறு நாட்டில் இறக்கும் உரிமை. ஸ்ரீலங்கன் கொழும்பில் ஏற்றி மதுரையில் இறக்குவது இது.

2. நான்காம் சுதந்திரம்: வேறு நாட்டிலிருந்து தன் நாட்டுக்குப் பயணிகளை ஏற்றி வரும் உரிமை. மதுரையிலிருந்து கொழும்பு.

3. ஆறாம் சுதந்திரம்: மேலே சொன்ன இரண்டையும் தன் ஊரில் முடிச்சுப்போட்டு, வெளிநாட்டுப் பயணியை இன்னொரு வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது. மதுரைக்காரரைக் கொழும்பு வழியாக மெல்போர்னுக்கோ லண்டனுக்கோ கொண்டுசெல்வது.

எமிரேட்ஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் வளர்ந்தது இந்த ஆறாம் சுதந்திரத்தால்தான். கொழும்பு அவற்றை விடச் சிறிய மையம், வேலை ஒன்றுதான். கொழும்பில் தொடர் விமானங்கள் இல்லாத இந்திய நிறுவனம் கொழும்போடு முடியும் பயணியை மட்டுமே நம்ப வேண்டும். இலங்கை நிறுவனத்துக்கோ மதுரையில் ஏறும் ஒருவர் மூலம் ஒரு மணி நேரப் பயணத்தோடு பத்து மணி நேரப் பயணத்தின் டிக்கெட்டும் விற்பனையாகிறது. குட்டித் தடம் அதனால்தான் கட்டுப்படியாகிறது.

இதே ஏற்பாட்டுக்கு ஒரு பலவீனமும் உண்டு: மையம் ஆட்டம் கண்டால் கிளையும் ஆடும். 2020 மார்ச்சில் இந்தியா வெளிநாட்டு வழக்கமான சேவைகளை நிறுத்தியது. அவை முழுமையாகத் திரும்பியது 2022 மார்ச் கடைசியில். அந்த நேரம் பார்த்து இலங்கை பொருளாதார நெருக்கடியில் விழுந்தது. கட்டுநாயக்கவில் விமான எரிபொருளுக்கே தட்டுப்பாடு. நீண்ட தூர ஸ்ரீலங்கன் விமானங்கள் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் கொச்சியிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. மதுரைத் தடம் அதையும் தாண்டி வந்திருக்கிறது.

பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்

இப்போது மையக் கேள்விக்கு வருவோம். இந்தியா ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனி ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் முக்கியமாக இரண்டு விஷயங்கள் இருக்கும்: வாரத்துக்கு எத்தனை இருக்கைகள் அல்லது எத்தனை பயணங்கள் என்ற உச்சவரம்பு, அந்த நாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் எந்தெந்த ஊர்களில் இறங்கலாம் என்ற பட்டியல். பட்டியலில் இருக்கும் ஊரைத் துறையில் 'பாயின்ட் ஆஃப் கால்' என்பார்கள். இந்திய நிறுவனங்கள் நம் பக்கத்தில் எந்த ஊரிலிருந்தும் கிளம்பலாம். பட்டியல் கட்டுப்படுத்துவது வெளிநாட்டு நிறுவனத்தைத்தான். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் மதுரையிலிருந்து சிங்கப்பூர் போக முடிவதும், சிங்கப்பூரின் ஸ்கூட் நிறுவனம் மதுரைக்கு வர முடியாததும் இதனால்தான்.

திருச்சி முந்திக்கொண்டது எப்படி? 2003-ல் இந்தியா, தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பான ஆசியான் நாடுகளுக்கு ஒரு சலுகை அறிவித்தது. பெருநகரங்கள் தவிர 18 சுற்றுலா நகரங்களுக்கு அந்நாடுகளின் விமானங்கள் தாராளமாக வரலாம் என்பது அது. கயா, வாரணாசி, ஜெய்ப்பூர், கோவா, கொச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு, விசாகப்பட்டினம் எனப் போகும் அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பிடித்தது திருச்சி. மீனாட்சியம்மன் கோயில் இருக்கும் மதுரை, சுற்றுலா நகரங்களின் பட்டியலில் விடுபட்டது பெரிய இழப்பு என்றே சொல்வேன். அன்று மதுரையில் வெளிநாட்டு விமானத்துக்கான வசதி எதுவும் இல்லை என்பது உண்மை. ஆனால் அன்று எழுதிய பட்டியல் இன்றைய மதுரையையும் கட்டிப்போட்டிருக்கிறது.

இலங்கைக்கு மட்டும் வழி கிடைத்ததற்குக் காரணம், அண்டை நாடு என்ற முறையில் அதனுடனான ஏற்பாடு எப்போதும் தாராளமாக இருந்ததுதான். மதுரைக்கு அதில் இடம் இருந்ததால் மிஹின் லங்கா வர முடிந்தது. பிறகு 2016-ன் தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கை, தெற்காசியக் கூட்டமைப்பான சார்க் நாடுகளுக்கும் டெல்லியிலிருந்து 5,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நாடுகளுக்கும் பரஸ்பர அடிப்படையில் திறந்த வான், அதாவது எண்ணிக்கை வரம்பில்லாத சேவை என்று அறிவித்தது. இலங்கை சார்க்கில் இருக்கிறது. துபாயும் சிங்கப்பூரும் கோலாலம்பூரும் சார்க்கிலும் இல்லை, 5,000 கிலோமீட்டருக்கு அப்பாலும் இல்லை. மதுரைக்காரர் அதிகம் போக விரும்பும் ஊர்கள் எல்லாம் அந்த இடைப்பட்ட வளையத்துக்குள்தான் இருக்கின்றன.

துபாய் விஷயத்தில் இன்னொரு சிக்கல். ஐக்கிய அரபு அமீரகத்தோடு ஒரே கணக்கு கிடையாது. துபாய், அபுதாபி, ஷார்ஜா என்று தனித்தனியாக ஒப்பந்தம். துபாய்க்கு ஒவ்வொரு பக்கமும் வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கைகள் என்ற வரம்பு 2014-லிருந்து நிற்கிறது. இந்திய நிறுவனம் ஒன்று மதுரையிலிருந்து துபாய்க்குப் பறந்தாலும் அந்த வரம்பிலிருந்துதான் இருக்கை எடுக்க வேண்டும். அதே இருக்கையை டெல்லிக்கோ மும்பைக்கோ கொடுத்தால் கூடுதல் கட்டணம் கிடைக்கும் என்றால் நிறுவனம் எதைத் தேர்ந்தெடுக்கும்? அபுதாபி கணக்கு தனி. 2013-ல் அதை வாரம் 13,330 இருக்கையிலிருந்து ஏறக்குறைய 50,000-ஆகப் படிப்படியாக உயர்த்த முடிவானது.

ஓடுபாதையும் அந்தஸ்தும் போதுமா?

மதுரை ஓடுபாதை 7,500 அடி. அதை 12,500 அடியாக நீட்ட வேண்டும் என்ற திட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. இதற்காக நிலம் எடுப்பதில் சின்ன உடைப்பு கிராம மக்கள் 2024-ல் போராட்டத்தில் இறங்கி, மாற்று இடமும் மறுவாழ்வும் கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனார்கள். அவர்கள் வீட்டையும் வயலையும் விட்டுக் கிளம்பச் சொல்லும்போது, அந்த நீட்டிப்பால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதையாவது நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

கிடைப்பது: அகன்ற உடல் கொண்ட பெரிய விமானங்கள் முழு எடையோடு இறங்கி ஏறலாம், நீண்ட தூரம் போகலாம், சரக்கு அதிகம் ஏற்றலாம். கிடைக்காதது: பட்டியலில் இடம். இதற்கு மூன்று சான்றுகள் கண்ணெதிரே இருக்கின்றன.

1. திருச்சி ஓடுபாதை 8,136 அடி. மதுரையை விட 600 அடி சொச்சம்தான் கூடுதல். அங்கே சிங்கப்பூர், மலேசிய நிறுவனங்கள் வந்து குவிகின்றன. அவை கொண்டுவருவதும் பெரும்பாலும் ஏ320, போயிங் 737 ரக விமானங்களே. அதே ரகங்கள் மதுரையிலும் இறங்குகின்றன. மதுரையிலிருந்து சிங்கப்பூரும் துபாயும் ஆளுக்கு ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். 7,500 அடியிலிருந்து அந்தத் தூரம் பறந்து காட்டியாகிவிட்டது.

2. கண்ணூர் 2018 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஓடுபாதை 3,050 மீட்டர், அதாவது 10,000 அடி. திறக்கும்போதே சர்வதேச விமான நிலையம். வளைகுடாவில் வேலை பார்க்கும் லட்சக்கணக்கானோரின் ஊர்ப்பக்கம் அது. இருந்தும் வெளிநாட்டு நிறுவனங்களால் அங்கே வழக்கமான சேவை நடத்த முடியவில்லை, ஏனென்றால் கண்ணூர் பாயின்ட் ஆஃப் கால் இல்லை. பெருநகரம் அல்லாத ஊர்களைப் புதிதாகச் சேர்ப்பதில்லை என்பதே மத்திய அரசு நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் பதில்.

3. கோவை 18 நகரங்களில் இல்லை. ஆனாலும் ஷார்ஜாவின் ஏர் அரேபியா அங்கே இறங்குகிறது. பேச்சுவார்த்தையில் ஒரு ஊரைச் சேர்க்க முடியும் என்பதற்கு இது சான்று.

மத்திய அரசின் தயக்கத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஊர் ஊராக வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டால் இந்தியப் பயணிகளை எல்லாம் துபாயும் தோஹாவும் அள்ளிக்கொண்டு போய்விடும். டெல்லியும் மும்பையும் ஒருநாளும் பயணிகள் விமானம் மாறும் மையமாக வளராது என்பது அந்த வாதம். ஆனால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்? டெல்லியில் மையம் வளர்வதற்காகக் கீழக்கரைக்காரர் துபாய்க்குத் திருச்சியோ திருவனந்தபுரமோ போய் ஏறுகிறார். இருபத்தைந்து வருஷம் வளைகுடாவில் உழைத்துக் குடும்பத்தைக் காத்தவருக்கு, ஊர்ப்பக்கத்து விமான நிலையத்தில் இறங்கும் வசதியை இந்த வாதத்தின் பேரில் மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மதுரைக்கு இந்திய நிறுவனங்கள் போதிய சேவை தந்திருந்தாலாவது அந்த வாதத்துக்கு வலு இருந்திருக்கும்.

இப்போது மாறியிருப்பது

2024 அக்டோபர் 1 முதல் மதுரை விமான நிலையம் 24 மணி நேரமும் இயங்குகிறது. அதற்கு முன் இரவில் மூடிவிடுவார்கள். வளைகுடா விமானங்களுக்கு இது முக்கியம்: பகல் முழுக்க இந்தியாவுக்குள் ஓடிய விமானத்தை இரவில் வளைகுடாவுக்கு அனுப்பி, விடியலில் திருப்பிக் கொண்டுவருவது இந்திய நிறுவனங்களின் வழக்கமான கணக்கு. இரவு மூடும் நிலையம் அந்தக் கணக்கில் சேராது. கொழும்புத் தடத்துக்கு இந்தத் தடை பெரிதாக உறைக்கவில்லை. ஒரு மணி நேரப் பயணத்தைப் பகலிலேயே முடித்துக்கொள்ளலாம்.

சரக்கு விஷயமும் இதோடு ஒட்டியது. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மொட்டாகப் பறித்த பூ மாலைக்குள் விரிந்துவிடும். அது பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில்தான் வெளிநாடு போகிறது. எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு விமானம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்தப் பூ மதுரையில் ஏறுமா, லாரியில் வேறு நிலையத்துக்குப் போகுமா என்பது முடிவாகும்.

அடுத்த முறை 'மதுரைக்குச் சர்வதேச அந்தஸ்து' என்று தலைப்புச் செய்தி வந்தால், அதற்குள் மூன்று கேள்விகளைத் தேடிப் பாருங்கள். ஆசியான் நாடுகளுக்கான 18 நகரப் பட்டியலில் மதுரை சேர்ந்திருக்கிறதா? துபாய் அல்லது ஷார்ஜா ஒப்பந்தத்தில் பாயின்ட் ஆஃப் கால் ஆகியிருக்கிறதா? இருக்கை வரம்பு உயர்ந்திருக்கிறதா? நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய கேள்விகளும் இவைதான். அமைச்சகம் இவற்றுக்குப் பதில் சொல்லாத வரை, மதுரையின் ஓடுபாதையில் வெளிநாட்டு நிறுவனத்தின் விமானம் என்று கொழும்பு விமானம் மட்டும்தான் வந்து போய்க்கொண்டிருக்கும்.